தோனியா, தொடக்க ஆட்டக்காரர்களா? மார்சிலிங்கில் ஓயாத சிஎஸ்கே விவாதம்

சென்னையில் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் சிங்கப்பூரில் இரவு 10 மணிக்குத் தொடங்குகிறது. கடைசி ஓவர் முடியும்போது இங்கு அதிகாலை 1.30 மணி ஆகிவிடும். காலை 6 மணிக்கெல்லாம் வேலையிடத்துக்கு லாரி ஏற வேண்டிய ஊழியருக்கும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எம்ஆர்டி ரயில் பிடிக்க ஓடும் பெற்றோருக்கும் மிஞ்சுவது நான்கு மணி நேரத் தூக்கம்தான்.

ஆண்டுக்கு இரண்டு மாதம் இந்தத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கும் ரசிகர்கள் மார்சிலிங்கில் கணிசமாக இருக்கிறார்கள். ஒருபுறம், வீவக அடுக்குமாடி வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள். மறுபுறம், உட்லண்ட்ஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் தொழிற்பேட்டைகளில் வேலை செய்து, அருகிலுள்ள தங்குவிடுதிகளில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டு ஊழியர்கள். காப்பிக்கடை மேசையிலும், புளோக்கின் கீழ்த்தளத்திலும், மார்சிலிங் மால் உணவங்காடி நிலையத்திலும் இரு சாராரும் ஒரே பேச்சில் சந்தித்துக்கொள்வதுண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ், அதாவது சிஎஸ்கே, ஏன் இப்படி ஆனது என்பதே அந்தப் பேச்சு.

2026 பருவம் மார்ச் மாத இறுதியில் தொடங்கவிருக்கிறது. ஆனால், 2025 பருவம் பற்றிய வாக்குவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. அதில் எந்தத் தரப்பின் பக்கம் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதை எண்களைக் கொண்டு பார்க்கலாம்.

14 ஆட்டங்கள், 4 வெற்றிகள்

2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கிண்ணம் வென்ற குழு சிஎஸ்கே. 2020ஆம் ஆண்டு வரை, விளையாடிய எல்லாப் பருவங்களிலும் அடுத்த சுற்றுக்குச் சென்ற பெருமை அதற்கு இருந்தது. அந்த ஆண்டு ஏழாம் இடம். 2022ல் ஒன்பதாம் இடம். 2024ல் ஐந்தாம் இடத்தில் நின்று, ஓட்ட விகிதத்தில் வாய்ப்பை இழந்தது. 2025ல் பத்தாம் இடம். பட்டியலின் கடைசி இடத்தில் சிஎஸ்கே முடித்தது அதுவே முதல் முறை.

14 ஆட்டங்களில் 4 வெற்றி, 10 தோல்வி, 8 புள்ளிகள். ராஜஸ்தான் ராயல்சும் அதே 8 புள்ளிகள்தான் பெற்றது. ஓட்ட விகிதத்தில் அது ஒன்பதாம் இடத்துக்குத் தப்பியது.

தோல்வியைவிட, அது நேர்ந்த இடம்தான் ரசிகர்களுக்கு அதிகம் வலித்தது. சேப்பாக்கத்தில் 6 ஆட்டங்கள் நடந்தன. முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றதோடு சரி, மற்ற ஐந்திலும் தோல்வி. பெங்களூர் அணி 2008க்குப் பிறகு முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் சிஎஸ்கேயை வென்றது. டெல்லி அணி 2010க்குப் பிறகு அங்கு சிஎஸ்கேயை வென்றது. ஹைதராபாத் அணி அத்திடலில் சிஎஸ்கேயை வென்றது அதுவே முதல் முறை. எதிரணிகள் காலடி வைக்கத் தயங்கிய கோட்டை ஒரே பருவத்தில் சத்திரமாகிப்போனது.

ஆடுகளத்தின் தன்மையைத் தங்களாலேயே கணிக்க முடியவில்லை என்று பயிற்றுநர் ஸ்டீஃபன் ஃபிளெமிங் பருவத்தின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார். சுழற்பந்து வீச்சாளர்களை நம்பி அமைக்கப்பட்ட குழு அது. நூர் அகமதுக்கு 10 கோடி ரூபாய், ரவிச்சந்திரன் அஸ்வினுக்கு 9.75 கோடி, அவர்களோடு தக்கவைக்கப்பட்ட ரவீந்திர ஜடேஜா. நூர் அகமது 24 விக்கெட்டுகளை வீழ்த்தி நம்பிக்கையைக் காப்பாற்றினார். அஸ்வின் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டுகளோடு நின்றுபோனார்.

தோனியின் எண்கள் சொல்வது

எந்த மேசையில் பேச்சு தொடங்கினாலும் அது கடைசியில் வந்து நிற்பது ‘தல’ தோனியிடம்தான்.

மார்ச் 28ஆம் தேதி பெங்களூருக்கு எதிராக 197 ஓட்டங்களை விரட்டியபோது தோனி ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பின்னால் களமிறங்கினார். 16 பந்துகளில் 30 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால், அதற்குள் ஆட்டம் கைநழுவிவிட்டது. சிஎஸ்கே 50 ஓட்டங்களில் தோற்றது. இவ்வளவு நன்றாக அடிப்பவர் ஏன் முன்னதாக வரவில்லை என்று ஒரு தரப்பு கேட்டது. முன்னதாக வர முடியாதவர் ஏன் பதினொருவரில் ஒருவராக இருக்க வேண்டும் என்று மறுதரப்பு திருப்பிக் கேட்டது.

இரண்டு நாள் கழித்து ஃபிளெமிங் காரணத்தைச் சொன்னார். தோனியின் முழங்கால் முன்புபோல் இல்லை. பத்து ஓவர்கள் தொடர்ந்து ஓடி விளையாட அவரால் இயலாது. ஆட்டத்தின் நிலையைப் பார்த்து, அவரே தமது இடத்தை முடிவு செய்கிறார் என்பது அந்த விளக்கத்தின் சாரம்.

மூன்று பருவங்களின் எண்களை அடுக்கிப் பார்த்தால் நிலைமை ஓரளவு தெளிவாகும். 2023ல் தோனி சந்தித்த பந்துகள் 57, எடுத்த ஓட்டங்கள் 104. 2024ல் 73 பந்துகளில் 161 ஓட்டங்கள். 2025ல் 145 பந்துகளில் 196 ஓட்டங்கள். நூறு பந்துகளுக்கு எத்தனை ஓட்டம் என்று கணக்கிட்டால் முறையே 182, 221, 135.

மொத்த ஓட்டங்களை மட்டும் பார்ப்பவர், தோனி ஆண்டுக்கு ஆண்டு முன்னேறியிருக்கிறார் என்பார். வேகத்தை மட்டும் பார்ப்பவர், அவர் சரிந்துவிட்டார் என்பார். இரண்டு முடிவுகளும் அரைகுறையானவை. கவனிக்க வேண்டியது பந்துகளின் எண்ணிக்கையைத்தான். 2024ஐவிட 2025ல் அவர் இரண்டு மடங்கு பந்துகளைச் சந்தித்தார். அதுவும் மேலே வந்த விக்கெட்டுகள் சரிந்து, உடனே பெரிய அடி அடிக்க முடியாத நேரங்களில்.

2024 ஏப்ரலில் வான்கடே திடலில் கடைசி நான்கு பந்துகளைச் சந்தித்துத் தொடர்ந்து மூன்று சிக்சர்களோடு 20 ஓட்டங்கள் எடுத்தார். அந்த ஆட்டத்தில் சிஎஸ்கே வென்றதும் 20 ஓட்ட வித்தியாசத்தில்தான். அதே மனிதர் 2025 ஏப்ரல் 5ஆம் தேதி டெல்லிக்கு எதிராக 26 பந்துகளில் 30 ஓட்டங்களே எடுத்தார். 25 ஓட்டங்களில் தோல்வி.

ஆனால், ஏப்ரல் 14ஆம் தேதி லக்னோவில் நடந்தது வேறு. 167 ஓட்ட இலக்கு. கடைசி ஐந்து ஓவர்களில் 50க்கும் மேற்பட்ட ஓட்டங்கள் தேவைப்பட்ட நேரத்தில் வந்தார். மறுமுனையில் ஷிவம் துபே நின்றிருந்தார். 11 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 26 ஓட்டங்கள். தொடர்ந்து ஐந்து தோல்விகளுக்குப் பிறகு வெற்றி. 43 வயதில் ஆட்ட நாயகன் விருது. ஐபிஎல்லில் விக்கெட் காப்பாளராக 200 பேரை ஆட்டமிழக்கச் செய்த முதல் வீரர் என்ற சாதனையும் அதே ஆட்டத்தில் வந்தது.

ஆக, ஐந்து ஓவர்கள் மீதமிருந்து, கையில் விக்கெட்டுகளும் மறுமுனையில் அடித்தாடும் துணையும் இருக்கும்போது தோனி இன்னமும் பயனுள்ளவர். பத்தாவது ஓவரில் சரிவைத் தாங்கிப் பிடிக்கும் தூணாக அவரை நிறுத்தினால் அவர் பயன்படமாட்டார். எனவே, எத்தனையாவது ஆளாக இறங்க வேண்டும் என்ற கேள்விக்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. அவருக்கு முன் இறங்கும் ஐந்து பேர் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

முதல் ஆறு ஓவர்கள்

அந்த ஐந்து பேரிடம்தான் உண்மையான சிக்கல் இருந்தது.

பெங்களூருக்கு எதிராக முதல் ஆறு ஓவர்களில் 30 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள். ஏப்ரல் 11ஆம் தேதி கோல்கத்தாவுக்கு எதிராக 31 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகள். அன்று சிஎஸ்கே 20 ஓவர்களில் எடுத்தது 103 ஓட்டங்கள் மட்டுமே. கோல்கத்தா அதை 10.1 ஓவர்களில் எட்டிப்பிடித்தது.

மற்ற குழுக்கள் முதல் ஆறு ஓவர்களிலேயே 60, 70 என்று ஓட்டம் குவிக்கும் காலம் இது. அவர்களைப் பார்த்து நாமும் அப்படி ஆட முயன்றால் சிரமம், நம் பலத்துக்கு ஏற்ப ஆட வேண்டும் என்ற கருத்தை அன்றைய தோல்விக்குப் பின் தோனி முன்வைத்தார். குழுவிடம் அப்போது இருந்த ஆட்டக்காரர்களைப் பார்த்தால் அது நேர்மையான மதிப்பீடுதான். அப்படிப்பட்டவர்களை ஏலத்தில் எடுத்தது யார் என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது.

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில் சிஎஸ்கே பழகிய முகங்களையே நாடியது. 2018ல் ‘அப்பாக்கள் அணி’ என்று கேலி செய்யப்பட்ட குழு கிண்ணம் வென்றதிலிருந்து, அனுபவமே போதும் என்ற நம்பிக்கை நிர்வாகத்திடம் வேரூன்றிவிட்டது. ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே பல குழுக்களைச் சுற்றி வந்தவர்கள். ருதுராஜ் கெய்க்வாட் தொடக்க இடத்தை விட்டு மூன்றாவது இடத்துக்கு இறங்கினார். மார்ச் 30ஆம் தேதி குவாஹாத்தியில் முழங்கையில் பட்ட அடியால் பருவத்தின் எஞ்சிய பகுதியை அவர் இழக்க நேரிட்டது.

தலைமைப் பொறுப்பு தோனிக்கு வந்தது. ருதுராஜின் தலைமையில் 5 ஆட்டங்களில் ஒரு வெற்றி. தோனியின் தலைமையில் 9 ஆட்டங்களில் 3 வெற்றி. தலைவரை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று வாதிட்டவர்களும், ருதுராஜ் இருந்திருந்தால் கதையே வேறு என்றவர்களும் இந்த எண்களை வைத்து வெற்றிக்கொடி நாட்ட முடியாது.

இளையர்கள் வந்த பிறகு

பருவத்தின் நடுவே இளையர்கள் வந்தார்கள். ருதுராஜுக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரே. காயமடைந்த குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ். மாத்ரே 7 ஆட்டங்களில் 240 ஓட்டங்கள் எடுத்தார். பிரெவிஸ் 6 ஆட்டங்களில் 225 ஓட்டங்கள் எடுத்தார்.

சிஎஸ்கே முதல் ஏழு ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்களின் கூட்டுத்தொகை 1,110. கடைசி ஏழு ஆட்டங்களில் 1,331. அதாவது 221 ஓட்டங்கள் கூடுதல். 2018க்குப் பிறகு 180 ஓட்ட இலக்கை எட்ட முடியாமல் இருந்த குழு, மே 7ஆம் தேதி ஈடன் கார்டன்சில் அதை எட்டியது. பிரெவிஸ் 25 பந்துகளில் 52 ஓட்டங்கள் எடுத்த ஆட்டம் அது. கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ஓட்டங்களில் வீழ்த்தியது.

‘பார்த்தீர்களா, இளையர்கள் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது’ என்பது மார்சிலிங்கில் அடிக்கடி கேட்கும் வாதம். அது பாதிதான் உண்மை. முதல் ஏழு ஆட்டங்களில் 2 வெற்றி, கடைசி ஏழு ஆட்டங்களிலும் அதே 2 வெற்றிதான்.

ஓட்டம் கூடியும் வெற்றி ஏன் கூடவில்லை? பந்துவீச்சைத்தான் பார்க்க வேண்டும். மும்பை 177 ஓட்டங்களை 15.4 ஓவர்களில் எடுத்தது. ராஜஸ்தான் 188ஐ 17.1 ஓவர்களில் எடுத்தது. மே 3ஆம் தேதி பெங்களூர் 213 ஓட்டங்கள் குவித்தது. அன்று ரொமாரியோ ஷெப்பர்ட் 14 பந்துகளில் 53 ஓட்டங்களை விளாசினார். கலீல் அகமதின் ஒரே ஓவரில் 33 ஓட்டங்கள் போயின. மாத்ரேயின் 94 ஓட்டங்களும் ஜடேஜாவின் 77 ஓட்டங்களும் இருந்தும் 2 ஓட்டங்களில் தோல்வி. கடைசி நேரத்தில் தாம் இன்னும் சில ஓட்டங்களை அடித்திருக்க வேண்டும் என்று தோனி பழியைத் தம்மீதே போட்டுக்கொண்டார். 13 கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்ட மதீஷ பதிரன பருவம் முழுவதும் ஓவருக்கு 10 ஓட்டங்களுக்குமேல் கொடுத்தார்.

ரசிகர்கள் பெரும்பாலும் பந்தடிப்பைப் பற்றியே வாதிடுகிறார்கள். இந்த எண்களைப் பார்த்தால், விவாதத்தில் பாதி நேரத்தையாவது பந்துவீச்சுக்கு ஒதுக்க வேண்டும்.

சென்னை அணியில் தமிழர் எங்கே?

தமிழ்நாட்டு ஊழியர்களும் சிங்கப்பூர்த் தமிழர்களும் ஒரே குரலில் எழுப்பும் கேள்வி இது.

2025ல் ஐபிஎல்லின் ஆக அதிக ஓட்டங்களை எடுத்தவர் சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன். 759 ஓட்டங்கள். அவர் ஆடியது குஜராத் டைட்டன்சுக்கு. அதே குழுவில் 19 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் தமிழ்நாட்டின் சாய் கிஷோர். வாஷிங்டன் சுந்தரும் ஷாருக் கானும் அங்குதான். வருண் சக்கரவர்த்தி கோல்கத்தாவில், நடராஜன் டெல்லியில்.

சாய் கிஷோர் 2020லும் 2021லும் சிஎஸ்கேயில் இருந்தவர். ஓர் ஆட்டத்தில்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. சாய் சுதர்சனை 2022 ஏலத்தில் குஜராத் அடிப்படை விலையான 20 லட்சம் ரூபாய்க்கே எடுத்துக்கொண்டது. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016 முதல் தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைந்த கதை இது என்று ரசிகர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்ளூர் வீரர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று ஐபிஎல்லில் விதி எதுவும் இல்லை. ஏலத்தில் பத்துக் குழுக்கள் போட்டியிடுகின்றன. 2025ல் சிஎஸ்கேயில் அஸ்வின், விஜய் சங்கர், குர்ஜப்னீத் சிங், ஆண்ட்ரே சித்தார்த் ஆகிய தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தனர். அஸ்வினும் விஜய் சங்கரும் ஆடினார்கள். ஆனால், அவர்கள்மீதே ரசிகர்களின் கோபம் அதிகம் பாய்ந்தது. தமிழர் வேண்டும் என்று கேட்பவர்களும், தமிழர் தடுமாறினால் முதலில் ஏசுபவர்களும் பல நேரங்களில் ஒரே ஆட்கள்தான்.

உள்ளூர் என்பதற்காக ஒருவரைச் சேர்ப்பதைவிட, உள்ளூரில் கண்ணுக்கெதிரே வளர்பவரை மற்றவர்களுக்கு முன்பே அடையாளம் காண்பதே முக்கியம். அந்த வேலையில் குஜராத் சிஎஸ்கேயை முந்திவிட்டது. ரசிகர்களின் குறை நியாயமாவது அந்த இடத்தில்தான்.

விமர்சனமும் வசையும்

2025 பருவத்தில் விவாதமே ஒருமுறை செய்தியானது. அஸ்வினின் யூடியூப் தளத்தில் பேசிய விருந்தினர் ஒருவர், குழுவில் நூர் அகமதைச் சேர்த்தது சரியா என்று கேள்வி எழுப்பினார். ஆடிக்கொண்டிருக்கும் வீரரின் தளத்திலேயே சக வீரரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பருவத்தில் சிஎஸ்கே ஆட்டங்களைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று அத்தளம் அறிவித்தது. நூர் அகமதுதான் பருவத்தின் முடிவில் குழுவின் ஆகச் சிறந்த பந்துவீச்சாளர்.

இன்னொன்றையும் ரசிகர்கள் யோசிக்க வேண்டும். தோனி வர வேண்டும் என்பதற்காக, சிஎஸ்கே விக்கெட் விழும்போதே கூட்டம் ஆர்ப்பரிப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. தாம் ஆட்டமிழக்க வேண்டும் என்று கூட்டம் காத்திருப்பதாக 2023ல் ஜடேஜா சிரித்தபடியே குறிப்பிட்டார். அதே ஆண்டு இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கிண்ணத்தை வாங்கித் தந்தவரும் அவரே. தன் குழுவின் விக்கெட் விழுவதைக் கொண்டாடும் திடலில் ஓர் இளம் ஆட்டக்காரர் எந்த மனநிலையோடு பந்தைச் சந்திப்பார்?

ரசிகர் கூட்டத்தின் பேரன்பு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் அதே பருவம் காட்டியது. பெங்களூர் முதன்முறையாகக் கிண்ணம் வென்ற மறுநாள், ஜூன் 4ஆம் தேதி, சின்னசாமி திடலுக்கு வெளியே ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் மாண்டனர்.

அருகில் இருந்த குழு, தொலைவில் இருக்கும் குழு

மார்சிலிங்வாசிகளுக்கு நடந்தே போகும் தூரத்தில் ஒரு குழு இருந்த காலம் உண்டு. 1996ல் எஸ்-லீக் காற்பந்துப் போட்டி தொடங்கியபோது அதில் இடம்பெற்ற எட்டுக் குழுக்களில் ஒன்று உட்லண்ட்ஸ் வெலிங்டன். உட்லண்ட்ஸ் விளையாட்டரங்கமே அதன் சொந்தத் திடல். 2007ல் லீக் கிண்ணத்தை வென்றது. 2014 பருவத்துக்குப் பிறகு அது லீக்கிலிருந்து விலகியது.

அந்தக் குழு மோசமாக ஆடினால் ரசிகர் நேரே திடலுக்குப் போய்க் குரல் கொடுக்க முடிந்தது. வீரரும் பயிற்றுநரும் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். சேப்பாக்கமோ ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மார்சிலிங்கில் நள்ளிரவில் எவ்வளவு உரக்க வாதிட்டாலும் அது ஃபிளெமிங்கின் காதுக்குப் போகாது. மேல்மாடியில் தூங்கும் அண்டை வீட்டாருக்குத்தான் கேட்கும்.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் வாதிடுகிறார்கள்? தங்குவிடுதியில் இருக்கும் ஊழியருக்கு ஊரோடு தினமும் பேச ஒரு பொருள் கிடைக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளையரும் அண்மையில் திருச்சியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்தவரும் ஒரே மேசையில் அமர, சிஎஸ்கேயைத் தவிர வேறு பொதுவான பேச்சு எளிதில் வாய்ப்பதில்லை. குழு கடைசி இடத்துக்குப் போன பருவத்திலும் அந்த மேசை காலியாகவில்லை என்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

இதில் சிங்கப்பூர் சம்பந்தமும் ஒன்று உண்டு. மார்ச் 28ஆம் தேதி சேப்பாக்கத்தில் சாம் கரனின் கடைசி ஓவரில் மூன்று சிக்சர்களை அடித்து, 8 பந்துகளில் 22 ஓட்டங்கள் எடுத்தவர் பெங்களூரின் டிம் டேவிட். 1996ல் சிங்கப்பூரில் பிறந்தவர். அவரின் தந்தை 1997ல் ஐசிசி கிண்ணப் போட்டியில் சிங்கப்பூருக்காக ஆடியவர். டிம் டேவிட்டும் 2019, 2020ஆம் ஆண்டுகளில் 14 அனைத்துலக டி20 ஆட்டங்களில் சிங்கப்பூருக்காகக் களமிறங்கினார். 2019 செப்டம்பரில் பாலஸ்டியரில் உள்ள இந்தியர் சங்கத் திடலில் சிங்கப்பூர் ஸிம்பாப்வேயை 4 ஓட்டங்களில் வென்ற ஆட்டத்தில் அவரும் இருந்தார். பாலஸ்டியர் மார்சிலிங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் இடம். சிஎஸ்கேயின் ஒவ்வொரு பந்தையும் அலசத் தெரிந்த ரசிகர்களில் பலர் சிங்கப்பூர் அணியின் ஆட்டத்தை ஒருமுறையேனும் நேரில் பார்த்திருப்பார்களா?

காற்பந்தில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதி கோவாவில் இந்தியாவை 2-1 என்றும், நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கை அதே 2-1 என்றும் வென்று, 2027 ஆசியக் கிண்ணப் போட்டிக்குச் சிங்கப்பூர் தகுதிபெற்றது. அதைப் பற்றியும் காப்பிக்கடையில் சூடாகவே பேசினார்கள். அந்த ஆர்வம் உள்ளூர் கிரிக்கெட் பக்கமும் கொஞ்சம் திரும்பலாம்.

புதிய பருவத்தில் கவனிக்க வேண்டியவை

கடைசி இடம் நிர்வாகத்தை உலுக்கியிருப்பது தெரிகிறது. 2012ல் வந்து, குழு தடை செய்யப்பட்ட இரண்டு ஆண்டுகள் நீங்கலாக இங்கேயே இருந்த ஜடேஜாவும், சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றுவிட்டனர். பதிலுக்கு சஞ்சு சாம்சன் வந்திருக்கிறார். பதிரன விடுவிக்கப்பட்டு, 18 கோடி ரூபாய்க்குக் கோல்கத்தாவுக்குப் போனார். கான்வே, ரச்சின் ரவீந்திரா, திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் ஆகியோரும் இல்லை. அஸ்வின் 2025 ஆகஸ்ட்டில் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார்.

டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் இந்திய அணிக்கு இன்னும் ஆடாத இருவருக்கு, பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும், தலா 14.20 கோடி ரூபாய் கொடுத்தது சிஎஸ்கே. அனுபவத்துக்கு மட்டுமே பணம் போட்ட குழுவின் இந்தத் தலைகீழ் மாற்றத்தை ஓராண்டுக்கு முன் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தோனி தக்கவைக்கப்பட்டிருக்கிறார்.

ஜடேஜாவை அனுப்பியது நன்றிகெட்ட செயல் என்று ஒரு தரப்பு குமுறுகிறது. உணர்வு புரிகிறது. ஆனால், வயதான ஆட்டக்காரர்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று 2025ல் ஏசியதும் இதே ரசிகர் கூட்டம்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது.

புதிய பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் மூன்றைக் கவனித்தால் போதும். முதல் ஆறு ஓவர்களில் எத்தனை ஓட்டங்கள், எத்தனை விக்கெட்டுகள் என்பது ஒன்று. தோனி களமிறங்கும்போது எத்தனை ஓவர்கள் மிச்சம் என்பது மற்றொன்று. கடைசி ஐந்து ஓவர்களில் பந்துவீச்சாளர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் சரியாக இருந்தால், இரண்டாவதைப் பற்றி மார்சிலிங்கில் யாரும் சண்டையிட வேண்டியிருக்காது.

வார நாள்களில் ஆட்டம் இரவு 10 மணிக்குத்தான். இரண்டு ஆட்டங்கள் நடக்கும் வார இறுதி நாள்களில் முதல் ஆட்டம் மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும். தூக்கத்தையும் வேலையையும் கெடுத்துக்கொள்ளாமல் மேசையைச் சுற்றி நிதானமாக வாதிட அந்த நேரமே உகந்தது.